தன்மை ஒருமை

கொட்டாஞ்சேனை
2024 பெப்ரவரி 4

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம் சொல்லித்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று சின்ன வயதில் சொல்லித் தந்தீர்கள். சரி, சுகம். உங்கள் பிறஷர் எப்படி? காலைக் குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். வெறும் வயிற்றில் போட்டுவிட்டுத் தலை சுற்றுகிறது என்று கதிரையைப் பிடிக்க வேண்டாம்.

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், இதற்குப் போய் முத்திரை ஒட்டிக் கடிதமா என்று நீங்கள் முகத்தைச் சுளிப்பது இங்கே தெரிகிறது. போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது அப்பா. ஒன்றரை வருஷம் ஒரே வீட்டில் இருந்து "சாப்பிட்டியா?", "ஓம்", "லைற்றை நூக்கட்டே?", "ஓம்" என்பதைத் தவிர என்ன கதைத்தோம்? எழுதியாவது பார்ப்போம்.

நான் கோபித்துக்கொண்டு வரவில்லை. அவன் பிணையில் வந்து திரும்பவும் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறான். அந்தப் படியில் என்னால் ஏறி இறங்க முடியவில்லை, அவ்வளவுதான். அம்மாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த பழக்கத்துக்காகக் கொன்ஸ்ரன்ஸ் அன்ரி என்னை ஏற்றுக்கொண்டார். "இது உன்ர வீடுதான் மகள், ஆனா பூனைக்குத்தான் முதல் சாப்பாடு" என்று வந்த அன்றே சட்டம் போட்டுவிட்டார்.

ஒரு வேண்டுகோள். "அசம்பாவிதம்" என்று எழுதாதீர்கள். நீங்கள் அன்ரியிடம் போனில் "பிள்ளைக்கு ஒரு அசம்பாவிதம்" என்று சொல்ல, அவர் நான் ஏதோ சோதினையில் பெயில் விட்டேன் என்று நினைத்துக் கேக் செய்து வைத்திருந்தார். அது வல்லுறவு. சட்டத்தரணி ஆரணி மிஸ் அப்படித்தான் சொல்கிறார். நான் இன்னும் வாயால் சொல்லவில்லை, ஆனால் இதோ எழுதிவிட்டேன்.

நவம்பரில் வழக்கு. நான் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இப்போதோ பஸ்ஸில் சிங்களத்தில் "பஹினவா" என்று ஒரு சொல் சொல்லி இறங்கக்கூடக் குரல் எழும்புவதில்லை. வேறு யாராவது இறங்கும் தரிப்பு வரை போய், திரும்பி நடந்து வருகிறேன். நவம்பருக்குள் எனக்குக் குரல் வர வேண்டும். இப்போதைக்கு என் யோசனை எல்லாம் அதுதான்.

பூனை கடிதத்தின் மேல் ஏறிப் படுத்துவிட்டது. மிச்சம் பிறகு.

உங்கள் மகள்
யதுஷா


வெள்ளவத்தை
2024 பெப்ரவரி 15

அன்பு மகள் யதுஷாவுக்கு,

இறைவன் துணையால் இங்கு யாவரும் நலம். யாவரும் என்பது நான் ஒருவன்தான். முப்பத்தொரு வருஷம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவனுக்கு ஒருமை பன்மை பிழைக்கிறது. அங்கே உனக்கு நித்திரை வருகிறதா? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் ஆறு நாள் எடுத்தது. நீ அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்திருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கே வந்து சேர்ந்திருக்கும்.

நம் ஒழுங்கை முகப்பில் புதுப் பெயர்ப்பலகை நட்டிருக்கிறார்கள். சிங்களம் சரி, ஆங்கிலம் சரி, தமிழில் "ஒழுங்கை" என்பதற்கு "ஒழுக்கை" என்று இருக்கிறது. மாநகர சபைக்கு இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். ஒரு சொல்லைச் சரியாக எழுதத் தெரியாதவர்கள் ஏன் பலகை நட வருகிறார்கள்? வாசல் காவல் வேலுசாமி, "விடுங்க ஐயா, எல்லாருக்கும் எடம் தெரியும்தானே" என்கிறான். அதுவா கேள்வி?

ரீவியை வேலுசாமிக்கே கொடுத்துவிட்டேன். ஒன்றரை வருஷமாகப் போடாமல் கிடந்ததுதானே.

உன் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கியிருக்கிறேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன்.

அந்தச் சொல்லை எழுதியிருந்தாய். வாசித்தேன். நீதிமன்றத்தில் அதை மூன்று மொழியிலும் தடுமாறாமல் சொல்லியிருக்கிறேன். இப்போது அதைப்பற்றி உனக்கு ஒரு வரி எழுத என்னால் முடியவில்லை. மன்னித்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு
அப்பா


கொட்டாஞ்சேனை
2024 மார்ச் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

பெட்டி வந்தது. அம்மாவின் சேலை இரண்டையும் அடுக்கி அனுப்பியிருக்கிறீர்கள், என் செருப்பில் ஒன்றை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். மற்றக் கால் அங்கே சுகமாக இருக்கிறதா?

நான் இப்போது சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்துக்குப் போகிறேன். மரப்பலகையில் செதுக்கி, மை பூசி, கடதாசியில் அச்செடுக்கிற வேலை. நடத்துகிற டில்ஷானிக்கு என்னிலும் இரண்டு வயது குறைவு, ஆனால் ஆறு பெண்களையும் ஒரு பார்வையில் அடக்குவாள். ஆறு பேருக்கும் ஏதோ நடந்திருக்கிறது. யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அன்ரியின் தம்பி ஹியூபேட் அங்கிளுக்கு ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் வேலை. உடைந்த பெட்டிகளின் ஒட்டுப்பலகையைச் சுமந்து வந்து தருகிறார். கடதாசியைத் தேய்ப்பது அன்ரியின் அகப்பையால். அவருக்கு இன்னும் தெரியாது.

முதல் நாள் என் பெயரைச் செதுக்கினேன். இரண்டு மணித்தியாலம். அச்செடுத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பலகையில் மறுபக்கமாக வெட்டினால்தான் கடதாசியில் நேராக வருமாம். டில்ஷானி சிரி சிரி என்று சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகுதான் யோசித்தேன், இரண்டு மணித்தியாலம் நான் வேறொன்றும் நினைக்கவில்லை. அந்த நாளுக்குப் பிறகு இதுதான் முதல் தரம்.

இன்னொரு விஷயம். பொலிஸில் நான் கொடுத்த வாக்குமூலத்தின் தமிழ்ப் பிரதியை ஆரணி மிஸ் வாசிக்கத் தந்தார். அன்று இருந்த பெண் பொலிஸுக்குத் தமிழ் தெரியாது. பம்பலப்பிட்டியில் நாலு வருஷம் நோயாளிகளோடு சிங்களத்தில் கதைத்து வேலை செய்த எனக்கு அன்று ஒரு சிங்களச் சொல்லும் வாய்க்கு வரவில்லை. நான் தமிழில் சொல்ல, நீங்கள் பக்கத்தில் இருந்து சிங்களத்தில் சொல்ல, அவர் எழுதினார். நான் கையெழுத்து வைத்தேன்.

அதில், "மொட்டைமாடிப் படியில் நான் அவருடன் கதைத்தேன்" என்று இருக்கிறது.

நான் கத்தினேன் என்றுதான் சொன்னேன். "கத்தினனான் அப்பா" என்று உங்களைப் பார்த்துச் சொன்னது நினைவிருக்கிறது. பொலிஸ் எழுதும்போது வந்த பிழையா, திருப்பித் தமிழில் எழுதியவரின் பிழையா? இந்த வேலையில் நீங்கள் புலிதானே, பார்த்துச் சொல்லுங்கள்.

குளிசை போடுகிறீர்களா?

அன்புடன்
யதுஷா


வெள்ளவத்தை
2024 ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. எனக்கு முழங்கால் நோவு கொஞ்சம் உண்டு, மற்றப்படி குறையில்லை. செருப்பு கட்டிலுக்குக் கீழே இருந்தது. இதனுடன் வருகிறது.

நீ கேட்டது பற்றி. சிங்களத்தில் "கதா களா" என்றால் கதைத்தேன். "கே கெஹுவா" என்றால் கத்தினேன். தமிழில் கத்து, கதை என்னும் இரண்டும் ஓசையில் அருகருகே நிற்பவை. தமிழ் அறியாத ஒருவர் "கத்தினனான்" என்பதைக் காதில் வாங்கும்போது, தன் மொழியில் உள்ள "கதா" என்று விளங்கிக்கொள்வது இயல்பு. அதைத் தமிழுக்குத் திருப்பியவர் "கதைத்தேன்" என்று எழுதியதில் அவர்மேல் பிழை இல்லை. எழுத்து வேகம், பொலிஸ் நிலையத்தின் இரைச்சல் ஆகியனவும் கவனிக்கப்பட வேண்டும். என் சேவைக் காலத்திலும் இத்தகைய மயக்கங்கள் ஏற்பட்டதுண்டு.

ஒரு சொல்லால் ஒரு வழக்கு விழாது. இதைக் கிளறப் போனால் தவணைதான் நீளும். நீ மனதைப் போட்டு அலட்ட வேண்டாம்.

பேரீச்சம்பழம் ஒரு பைக்கற் வைத்திருக்கிறேன். நீ கீரை சாப்பிடமாட்டாய், இதையாவது சாப்பிடு.

இப்படிக்கு
அப்பா


கொட்டாஞ்சேனை
2024 ஏப்ரல் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

புதுவருஷத்துக்கு என்ன சமைத்தீர்கள்? அன்ரிக்கு அது பண்டிகை இல்லை, ஆனாலும் எனக்காகப் பொங்கினார். சக்கரைக்குப் பதிலாக எதையோ போட்டுவிட்டார், பூனையும் சாப்பிடவில்லை. முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள்.

உங்கள் விளக்கம் ஒரு பக்கத்துக்கு மேல் இருந்தது. அந்தப் பொலிஸ் என் வாயைப் பார்த்து எழுதவில்லை அப்பா. உங்கள் வாயைப் பார்த்துத்தான் எழுதினார். நான் கேட்க நினைத்தது ஒன்றுதான்: நீங்கள் என்ன சொன்னீர்கள்?

ஒரு சொல்லால் வழக்கு விழாது என்று நீங்கள் எழுதியதை ஆரணி மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர்கள் தரப்பு அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறதாம். கதைத்தாள் என்றால் பழக்கம், பழக்கம் என்றால் சம்மதம். நான் கூண்டில் நின்று கத்தினேன் என்று சொன்னால், "அப்ப பொலிஸில ஏன் சொல்லேல்லை?" என்று கேட்பார்களாம். அதற்கு நான் என்ன சொல்வது?

இத்துடன் ஒரு படம் வருகிறது. முதலில் வாய் திறந்திருக்கிற ஒரு பெண்ணைச் செதுக்கப் பார்த்தேன், முடியவில்லை. உளி முகத்தில் பட்டதும் பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். டில்ஷானி, "முகத்தை விடுங்கோ அக்கா, அங்க வேற என்ன இருந்தது?" என்று கேட்டாள். படி இருந்தது. கதவுகள் இருந்தன. அதையே செதுக்கினேன். பலகையில் நாங்கள் விட்டுவைக்கிறது கறுப்பாக வரும், வெட்டி எடுக்கிறது வெள்ளையாக வரும். கடைசி மாடியில் ஒரு கதவுக்குக் கீழே மட்டும் ஒரு கீறு வெட்டி எடுத்தேன். அது எங்கள் கதவு. அன்று உள்ளே லைற் எரிந்தது.

ஐந்து கிழமை வேலை. நன்றாக இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

யதுஷா


வெள்ளவத்தை
2024 மே 6

அன்பு மகளுக்கு,

நலம். படம் கிடைத்தது. கதவு இலக்கத்தில் மூன்று மறுபக்கமாக விழுந்திருக்கிறது.

சுகமாக இரு.

அப்பா


கொட்டாஞ்சேனை
2024 ஜூலை 14

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுதாமல் விட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது. எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது, அதுதான். மூன்று மறுபக்கமாக விழுந்ததாம்! இனி எழுதவே கூடாது என்றும் நினைத்தேன். சுகமாக இருக்கிறீர்களா? சாப்பாடு ஒழுங்காக நடக்கிறதா?

நேற்று நடந்ததை உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு பெரிய பலகையில் ஒரே ஒரு சொல் செதுக்கினேன். கத்தினேன். அவ்வளவுதான். வளைவுகளில் உளி வழுக்கும். முதல் பலகையில் "த்"துக்குப் புள்ளி வைக்க மறந்துவிட்டேன். நீங்கள் பார்த்திருந்தால் மாநகர சபைக்குக் கடிதம் போட்டிருப்பீர்கள். இரண்டாவது சரியாக வந்தது. இருபது பிரதி எடுத்து, மை காயக் கொடி கட்டி மண்டபம் முழுக்கத் தொங்கவிட்டோம்.

துறைமுகத்தில் வேலை செய்கிற மாக்ரெட் அக்கா அண்ணாந்து பார்த்து எழுத்துக்கூட்டி வாசித்தார். "கத்தினேன்." பிறகு இன்னொரு தரம், கொஞ்சம் உரத்து, "கத்தினேன்" என்றார். அவர் என் படத்தைத்தான் வாசித்தார் அப்பா, ஆனால் அது அவருடைய கதையாகப் போய்விட்டது. தமிழில் அந்தச் சொல்லை யார் வாசித்தாலும் "நான்" என்று சொன்ன மாதிரித்தானே. அடுத்தவர் வாசித்தார், அதற்கடுத்தவர் வாசித்தார். எங்களில் அனோமாவுக்குத் தமிழ் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். டில்ஷானி "மம கே கெஹுவா" என்றாள். அனோமா அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு நிலத்தில் குந்தி இருந்து அழுதாள். நாங்கள் எல்லோரும் போய் அவளோடு இருந்தோம்.

அந்த நேரம் பார்த்து ஹியூபேட் அங்கிள் பலகையோடு வந்தார். வாசலில் நின்று பேப்பர்த் தலைப்பு வாசிக்கிற மாதிரி "கத்தினேன்!" என்று வாசித்தார். வாசித்த பிறகுதான் எங்கள் முகங்களைப் பார்த்தார். பலகையைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். "ஆர் பிள்ளை?" என்றார்.

"நான்" என்றேன். மண்டபத்தின் மற்றப் பக்கத்துக்குக் கேட்டது. என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரிந்தது. நேற்று நான் சந்தோஷமாக இருந்தேன் அப்பா.

நீங்கள் வேலையால் வந்ததும் அம்மா கேட்பது நினைவிருக்கிறதா? "இண்டைக்கு எத்தினை கொலை செய்தனீங்கள்?" நீங்களும் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே "மூண்டு" என்பீர்கள். சாட்சி "நான் வெட்டினேன்" என்றால் மொழிபெயர்ப்பாளரும் "நான் வெட்டினேன்" என்றுதான் சொல்ல வேண்டும், "அவர் வெட்டினாராம்" என்று தள்ளி நிற்கக் கூடாது, தன்மை ஒருமையை மாற்றினால் அது களவு என்று எனக்குப் பத்து வயதில் விளங்கப்படுத்தினீர்கள்.

ஒரு பிரதி அனுப்புகிறேன். நன்றாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டாம். வாய்விட்டு ஒரு தரம் வாசியுங்கள், போதும்.

யதுஷா


வெள்ளவத்தை
2024 ஓகஸ்ட் 25

என் பிள்ளைக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய், உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் படத்தை அலுமாரியில் சாத்தி வைத்து முன்னால் நின்றேன். முதல் நாள் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. இப்படியே ஒரு மாதம் போய்விட்டது. முந்தநாள் வாசித்தேன். ஒரு தரம்தான் வாசிக்க முடிந்தது.

இனி நான் எழுதுவதை நீ இருந்து வாசி.

அன்று பின்னேரம் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ காய்ந்த உடுப்பு எடுக்க மேலே போனாய். ஒரு சத்தம் கேட்டது. ரிமோட்டை எடுத்து ரீவியின் சத்தத்தைக் குறைத்தேன். காது கொடுத்தேன். இன்னொரு தரம் கேட்டது, பாதியில் நின்றது. உன் குரல் போல இருந்தது. நீயாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். மேலே பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று எனக்கு நானே சொன்னேன். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ரீவியின் சத்தத்தைத் திரும்பக் கூட்டினேன். என் கதிரைக்கும் கதவுக்கும் ஆறு அடி. நான் எழும்பவில்லை.

பொலிஸில் நீ என் முகத்தைப் பார்த்து "கத்தினனான் அப்பா" என்றாய். அதை நான் என் வாயால் "மம கே கெஹுவா" என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். எத்தனையோ வழக்கில் கேட்ட கேள்வி: "ஒருவருக்கும் கேட்கவில்லையா?" அதை உன்னிடம் தமிழில் நான்தான் கேட்க வேண்டும். உன் பதிலைச் சிங்களத்தில் நான்தான் சொல்ல வேண்டும். "கதா களா" என்று சொன்னேன். பொலிஸுக்குக் காது பிழைக்கவில்லை, யாருக்கும் எழுத்து பிழைக்கவில்லை. ஏப்ரலில் உனக்கு எழுதியது பொய்.

கொலை செய்தவன் சொன்ன சொல்லைக்கூட நான் மாற்றியதில்லை பிள்ளை. உன் சொல்லை மாற்றினேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள மாற்றினேன்.

என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். என்னோடு வேலை செய்தவர்கள், நான் பழக்கிவிட்டவர்கள் எல்லோரும் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் போய் நிற்கப் பயமாக இருக்கிறது. நீ என்னோடு கதைக்க வேண்டாம் என்று நினைத்தால் அது நியாயம்.

அப்பா


கொட்டாஞ்சேனை
2024 செப்டெம்பர் 15

அப்பா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு பலகையை உளியால் கொத்திக் கொத்திச் சிராய் சிராயாக்கினேன். அன்ரி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "முடிஞ்சதும் கூட்டிவிடு மகள்" என்று சொல்லிப் போனார். கூட்டிவிட்டேன். பிறகு அழுதேன். பிறகு திரும்ப வாசித்தேன். எனக்குக் கோபம் இருக்கிறது. அது இன்னும் கனகாலம் இருக்கும், அதை ஒளித்துவைத்து உங்களோடு கதைக்க எனக்குத் தெரியாது.

கதவுக்குக் கீழே வெளிச்சம் வெட்டியபோது உங்களுக்குக் கேட்டிருக்கும் என்று நான் நினைத்தேனா என்று கேட்டால், ஓம், கொஞ்சம் நினைத்தேன். ஆனால் நீங்கள் நினைக்காத ஒன்றும் இருக்கிறது. கேளுங்கள்.

இவ்வளவு நாளும் நான் உண்மையாகக் கத்தினேனா என்று எனக்கே தெரியாமல் இருந்தது. ஒருவரும் வரவில்லை. வாக்குமூலத்திலும் இல்லை. சிலவேளை மனதுக்குள்தான் கத்தினேனோ, வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றேனோ என்று தினமும் யோசித்தேன். கனவில் எல்லாம் என் வாய் திறக்கும், சத்தம் வராது. ஏன் கத்தவில்லை, ஏன் கத்தவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லை இருபது தரம் அச்செடுத்ததும் அதை நான் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான்.

உங்களுக்குக் கேட்டிருக்கிறது. இரண்டு தரம் கேட்டிருக்கிறது. கிரிக்கெட்டைத் தாண்டிக் கேட்டிருக்கிறது. நான் கத்தியிருக்கிறேன் அப்பா!

இதை எனக்குச் சொல்ல உலகத்தில் ஒரு ஆள்தான் இருந்தார். அவர் இரண்டு வருஷம் சொல்லவில்லை. இப்போதாவது சொன்னார்.

ஆரணி மிஸ்ஸிடம் போங்கள். எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். பயமாக இருந்தால் பயத்தோடு போங்கள், நானும் அப்படித்தான் போகிறேன். அழகான சொல் ஒன்றும் போட வேண்டாம்.

குளிசையை மறக்க வேண்டாம். நீங்கள் விழுந்து கிடந்தால் எனக்குச் சாட்சி இல்லை.

யதுஷா


வெள்ளவத்தை
2024 ஒக்ரோபர் 6

அன்பு மகளுக்கு,

குளிசை போட்டுவிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகுதான். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள், மழை தொடங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆரணி மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் சத்தியக்கடதாசி அடித்தார். நாலு எழுத்துப்பிழை. திருத்திக் கொடுத்துக் கையெழுத்து வைத்தேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஐயா, கூண்டில நிண்டு இதைச் சொல்லுவீங்களோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். நானும் சாட்சி என்றபடியால் நீ சொல்லும்போது உள்ளே இருக்க முடியாதாம். அது எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டுப் பார்த்தேன்.

விஷயம் கட்டடத்துக்குத் தெரிந்துவிட்டது. நேற்று இரண்டாம் மாடியில் அவனுடைய தாய் படியில் மறித்தார். "அண்ணை, வயசுபோன காலத்தில உங்களுக்கு ஏன் இந்த வேலை? பொம்பிளைப் பிள்ளையின்ர பேரும் எல்லோ கெடுது" என்றார்.

வழக்கமாக நான் குனிந்துகொண்டு ஏறிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். நேற்று, "என்ர பிள்ளை கத்தினவள், நான் கேட்டனான்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். படி முழுக்க எதிரொலித்தது. மூன்றாம் மாடி ஆட்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

அன்ரிக்கு என் வணக்கத்தைச் சொல். அகப்பை ஒன்று புதிதாக வாங்கி அனுப்புகிறேன், அவருடையதைத் திருப்பிக் கொடுத்துவிடு.

இப்படிக்கு
அப்பா


வெள்ளவத்தை
2024 நவம்பர் 22

அன்பு மகளுக்கு,

நேற்றுச் சுகமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். நானும் சேர்ந்தேன். பிறஷர் கொஞ்சம் கூடத்தான், பயப்பட ஒன்றுமில்லை. என்னைச் சாட்சி சொல்ல ஜனவரிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

உன்னை அன்ரி பின்வழியால் கூட்டிப் போய்விட்டார். நேரில் சொல்ல இருந்ததை எழுதுகிறேன்.

என்னை வெளியே ஒரு நீட்டு வாங்கில் இருத்தினார்கள். அத்தனை வருஷமும் உள்ளே நின்றவனுக்கு வெளியே இருக்கக் கை கால் வைக்க இடம் தெரியவில்லை. இந்த மாதிரி வழக்கு என்றபடியால் எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். கனத்த கதவு. மொழிபெயர்ப்பாளரின் குரல் மட்டும் இடைக்கிடை வந்தது, சொல் விளங்கவில்லை. உன் குரல் வரவே இல்லை. நீ கதைக்கிறாயா, மயங்கி விழுந்துவிட்டாயா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கும்பிடாத தெய்வமில்லை.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். உள்ளே எல்லாம் அமைதியானது. அந்த அமைதி எனக்குப் பழக்கம். கேட்கவில்லை, உரத்துச் சொல்லுங்கள் என்று நீதிபதி சாட்சியிடம் சொல்லும் நேரம் அது.

பிறகு கேட்டது. "கத்தினேன்."

உன் குரல்தான். கதவைத் தாண்டி, நடைபாதை முழுக்க வந்தது. அங்கே நின்ற இரண்டு சட்டத்தரணிமார் திரும்பிப் பார்த்தார்கள். உனக்குப் பின்னால் மொழிபெயர்ப்பாளர் "மம கே கெஹுவா" என்றார். நல்ல தெளிவாகச் சொன்னார். தன்மை ஒருமையில் சொன்னார்.

நான் எழும்பிவிட்டேன். எப்படி எழும்பினேன் என்று தெரியாது, முழங்கால் நோவும் தெரியவில்லை. கதவடிக்குப் போய்விட்டேன். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் கையைப் போட்டு மறித்து, "இந்தகன்ன மஹத்தயா" என்றார். வாங்கில் போய் இருக்கச் சொன்னார்.

"மகே துவ" என்றேன். என் மகள் என்று சொன்னேன்.

அவர் கையை எடுத்துவிட்டார். உள்ளே விடவில்லை, நானும் கேட்கவில்லை. நீ போய்விட்டாய் என்று ஆரணி மிஸ் வந்து சொல்லும்வரை அந்தக் கதவடியில் நின்றேன். ஒரு நிமிஷமும் வாங்கில் போய் இருக்கவில்லை.

அப்பா